மி-ஜூவின் மூன்றாவது படிகம்

போஹாங் ஒளி வளைய ஆய்வுக்கூடத்தில் மி-ஜூவோடு வாதம் பண்ணி மீண்டவர்கள் குறைவு. அவளுடைய வாய்க்கு இருந்த சாமர்த்தியம் கைக்கு இல்லை, அதுதான் கோளாறு.

மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும் மீக்கடத்திப் படிகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரான்களை அளப்பது அங்கே வேலை. அந்த அளவுகளை வரைந்து பார்த்தால், நேராகப் போகவேண்டிய கோடு ஓரிடத்தில் முழங்கால் மாதிரி மடங்கும். எலக்ட்ரானை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கிறது. எது என்பதில்தான் சண்டை. அணுக்களின் அதிர்வு என்பாள் மி-ஜூ. காந்த அலை என்பான் அவளுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவன் மூன்-ஹோ. உள்ளே இருக்கும் ஈரம் போகக் கருவியை அலுமினியத் தாளால் சுற்றிச் சூடேற்றும் நாட்களில், தாளுக்கிடையே சர்க்கரைவள்ளிக்கிழங்கைச் செருகி வேகவைத்துத் தின்றுகொண்டே கத்துவார்கள். அவர்களுடைய பேராசிரியர் பெரிய கிழங்காகப் பார்த்து எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்.

எடை கூடிய ஆக்சிஜனைப் படிகத்தில் ஏற்றினால் அதன் அணுக்கள் மெதுவாக அதிரும். அப்போது மடிப்பு இடம் மாறினால் மி-ஜூ சொன்னது சரி. அப்படி மூன்று படிகங்கள் செய்தாள். இரண்டைத் தன் கையாலேயே கெடுத்தாள். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. சொந்த ஊரான தேகூவில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை பேசி வைத்துவிட்டார். மூன்றாவதும் போனால் வந்துவிடுகிறேன் என்று இவளும் வாக்குக் கொடுத்துத் தொலைத்தாள்.

படிகத்தின் தலையில் சிறு குச்சியை ஒட்டி, வெற்றிடத்துக்குள் வைத்துத் தட்டவேண்டும். குச்சியோடு மேல்தோல் உரிந்தால் உள்ளே புது முகம் கிடைக்கும். நான் தட்டட்டுமா என்று மூன்-ஹோ கேட்டான்.

"கெட்டாலும் என் கையாலயே கெட்டுப் போகட்டும், சீனியர்."

தட்டினாள். குச்சியோடு படிகமும் பெயர்ந்து விழுந்தது. கண்ணாடி வழியே பார்த்தால் படிகம் இருந்த தாங்கி மொட்டையாக நின்றது. மி-ஜூ வெளியே போய், படியில் உட்கார்ந்து அழுதாள்.

மூன்-ஹோ விடவில்லை. அந்த மொட்டைத் தாங்கியை ஒளிக்கு முன்னால் இம்மி இம்மியாக நகர்த்தி, படிகத்தில் துளியாவது மிச்சம் இருக்கிறதா என்று மதியம் முழுக்கத் தேடினான். கிடைத்தால் தோற்கப்போவது தானாகவும் இருக்கலாம் என்று தெரிந்தே தேடினான், அந்தக் கிறுக்கன். பசையோரத்தில் பொடுகளவு ஒரு சில்லு ஒட்டியிருந்தது. அவளைக் கூப்பிட்டான்.

கோடு மெல்ல மெல்லத் தெளிந்தது. மடிப்பு பழைய இடத்தில் இல்லை. தள்ளிப் போயிருந்தது.

மி-ஜூவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்புமாக ஏதோ உளறினாள். மூன்-ஹோ போனை வாங்கினான்.

"அம்மா, மி-ஜூ அங்க வரமாட்டா. அவதான் ஜெயிச்சா, நான் தோத்துட்டேன். இதுக்கு நான் திரும்ப எதிர்வாதம் பண்ண வேணாமா? அவ போயிட்டா, நான் யார்கிட்டம்மா சண்ட போடுவேன்?"



"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் அம்மா.