சிவப்புப் பஞ்சும் ஒரு சப்போஸும்

பனியன் துணியிலிருந்து கிளம்பும் பஞ்சுக்கு ஒரு வாசனை உண்டு. சாயமும் மிஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்து, லேசாக மூக்கை அரிக்கிற வாசனை. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது எங்கள் ‘லைன் வீட்டு’க்குள் வந்துவிடும். அப்பா இறந்த பிறகு, கோவில்பட்டிப் பக்கமிருந்து நானும் அம்மாவும் பெருமாநல்லூருக்கு வந்து, வரிசையாகக் கட்டியிருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்தோம். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’. தைத்து வரும் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை. நான் ஏழாம் வகுப்பு.

‘சப்போஸ்’ என்ற சொல் கம்பெனியில் எல்லோர் வாயிலும் புழங்கியது. அம்மா அதைத் தூக்குவாளியோடு வீட்டுக்கும் கொண்டுவந்தாள். காலையில் தலையை முடிந்துகொண்டே, “சப்போஸ் கரண்டு போச்சுன்னா மெழுகுவத்தி அலமாரில இருக்கு. சப்போஸ் எனக்கு ஒன்றரை ஷிப்டுன்னா, சாப்பிட்டுட்டுக் கதவைப் பூட்டிக்கோட்டி” என்பாள். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை வரை. அதுவரை நானும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் வீட்டிலோ ஓடுகிற டிவியின் சத்தமும்தான்.

அந்த ஆண்டு ஆங்கில டீச்சர் அதே சொல்லுக்கு விளக்கம் சொன்னார். நிச்சயமாகத் தெரிந்தால் ‘ஐ நோ’. வெறும் ஆசை என்றால் ‘ஐ ஹோப்’. நிச்சயமில்லை, ஆனால் கையில் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது, அதை நம்பி இப்படித்தான் என்று வைத்துக்கொண்டால் ‘ஐ சப்போஸ்’. அந்த வரிசை எனக்குப் பிடித்துப்போய், காரணம் தேட ஆரம்பித்தேன். அது அம்மாவின் தலையிலேயே இருந்தது. கூந்தலிலும் புருவத்திலும் ஒட்டியிருக்கும் பஞ்சின் நிறம் எந்த ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடும். கிறிஸ்துமஸுக்குப் போகிற சிவப்புச் சட்டை என்றால், அது கப்பலேறும்வரை ஒன்றரை ஷிப்ட். சிவப்பு முடிந்தால் அம்மா ஆறு மணிக்குள் வீட்டில் இருப்பாள். சிவப்பைப் பார்க்கிற நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விடுவேன்.

பள்ளி ஆங்கில மன்ற விழாவில் நான் பேச வேண்டியிருந்தது. “சப்போஸ் ஷிப்மெண்ட் முடிஞ்சிட்டுன்னா வாரேன்ட்டி” என்றாள் அம்மா. விழாவுக்கு முந்தின நாளும் அவள் எட்டரைக்குப் பிறகுதான் வந்தாள். ஆனால் தலையில் ஒரு துளிப் பஞ்சு இல்லை. பெட்டியெல்லாம் கட்டி அனுப்பியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

மறுநாள் மாலை, விழாவில் முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் புத்தகப்பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். தன் மகளைக் கூட்டிவந்திருந்த எங்கள் லைனின் வீட்டுக்காரம்மா, “ஏங் கண்ணு, உங்கம்மா வல்லியா?” என்றார். “வந்துட்டிருக்காங்க” என்றேன். மேடையில் என் முறை வந்தபோது, அந்தப் பையைப் பார்த்தே பேசி முடித்தேன்.

விழா முடிந்து, இரவு ஒன்பது மணி வாக்கில் வீட்டுக்காரம்மாவோடுதான் திரும்பினேன். சந்து முனைக் குழாயடியில், தெருவிளக்கின் கீழே, அம்மா குனிந்து நின்று ஈரச் சீப்பால் தலையை வாரி வாரி உதறிக்கொண்டிருந்தாள். சாக்கடை ஓரமெல்லாம் சிவப்பு இழைகள்.

“ஏனுங், இதையெல்லாம் ஊட்டுக்குப் போய்ப் பண்ணக்கூடாதுங்களா?” என்றார் வீட்டுக்காரம்மா.

“உள்ள போனா இவ மொதல்ல என் தலையத்தான்க்கா பாக்கா. சிவப்பைக் கண்டா மூஞ்சி சுண்டிப்போவுது. அதான் நேத்துலருந்து இங்கயே தட்டிட்டுப் போறேன்.”

பிறகுதான் அவருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். சீப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே, “பேசிட்டியாட்டி?” என்றாள். தலையாட்டினேன். அவள் புருவத்தில் ஓர் இழை மிச்சமிருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள்; குழாயும் இல்லை. கண் மங்கியதால் செக்கிங்கை விட்டுவிட்ட அம்மா, பெருமாநல்லூரிலேயே வேறொரு தெருவில் தனியாக இருக்கிறாள். நான் வெளியூரில் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அதுவும் குறை கண்டுபிடிப்பதுதான். வேலை முடியாத நாட்களில் ஆபீஸ் மாடிப்படிக்குப் போய், தொண்டையைச் செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டு போன் செய்வேன்.

“இன்னும் ஆபீஸ்லதான் இருக்கியாட்டி?”

“இல்லம்மா, ரூமுக்கு வந்துட்டேன்.”

என் மேல் ஒட்டிக்கொள்ளப் பஞ்சு எதுவும் கிடையாது. எதை வைத்துக் கண்டுபிடிக்கிறாளோ தெரியவில்லை.

“சரி, நீ வந்துட்டேன்னே வச்சுக்கிடுதேன்” என்பாள்.