கைகாட்டியோடு திரும்பும் பஸ்

பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் டீசல் வாடை வந்துவிடும். மரவள்ளிக் காட்டின் பச்சை வாசனையோடு கலந்து அது மூக்கில் ஏறினால், வாயிலிருக்கும் இட்லியை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஏனென்றால் திருச்செங்கோட்டுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, அதை விட்டால் எங்களுக்கு வேறு வண்டி கிடையாது. நாற்பது வீடுகூடத் தேறாத ஊர். ஆண்களில் பாதிப் பேர், என் அப்பா உட்பட, ஆழ்துளைக் கிணறு போடும் ‘ரிக்கு வண்டி’யில் வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவார்கள். ஆகவே பல நாள் எங்கள் ஊரிலிருந்து ஏறுகிற ஒரே ஆள் ஒன்பதாம் வகுப்பில் படித்த நான்தான்.

ஒரு திங்கட்கிழமை கண்டக்டர் என்னிடம் சொன்னார்: “ஆளில்லாத ஊருக்கு எதுக்கு வண்டின்னு ஆபீசுல கேக்கறாங்க சாமி. வெள்ளிக்கெழமை வந்து பாப்பாங்களாம். ஆளு ஏறலீன்னா கைகாட்டியோட திருப்பிருவாங்க.”

கைகாட்டி என்பது மெயின் ரோட்டில் எங்கள் ஊருக்குப் பிரியும் முக்கு. அங்கிருந்து ஊர்வரை ஆள் உயரச் சோளக்காடு. அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். “பொட்டப்புள்ள காட்டுவழில தனியா நடந்து போயிப் படிக்க வேண்டாம். பஸ் நின்னா தறி ஓட்டற வேலைக்கு உட்ருங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த வீட்டில் உறைமோர் கேட்கவும் கூசுகிற அம்மா, மறுநாள் வீடு வீடாகப் போனாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருவதாக எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அதே வெள்ளிக்கிழமைதான் பெரியப்பாவின் பேரனுக்குத் திருச்செங்கோட்டு மலையில் காதுகுத்து என்பது யாருக்கும் உறைக்கவில்லை. வியாழன் சாயங்காலம் ஊரையே ஏற்றிக்கொண்டு போக அவர் வேன் பிடித்துவிட்டார்.

காலையில் வேன் முன்னால் நின்றது. பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஊரே வேனுக்குள் உட்கார்ந்திருக்க, அம்மா அதன் கதவைப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், “ஏனுங்க மாமா, வேனு வேண்டாங்க. எல்லாரும் பஸ்லயே போலாங்க” என்றாள். அவரை எதிர்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா கைக்கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்தார். பஸ் டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார்.

அப்போது பெரியம்மா சீர்த்தட்டோடு வேனிலிருந்து இறங்கினார். “எனக்கு வேனு வாடையே ஒத்துக்கறதில்ல. நான் பஸ்லயே வாரேன்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். வேனில் பழனிவரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு போகிற பெரியம்மா அவர். ஒவ்வொரு பெண்ணாக இறங்கினார்கள். கைகாட்டியில் ஏறிய ஆபீஸ்காரருக்கு வாழைத்தாருக்கும் தேங்காய்ப் பைக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. ஆளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டு இறங்கிக்கொண்டார். நான் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

அதன்பிறகு பஸ் பல வருஷம் ஓடியது. நான் படித்து நாமக்கல்லில் வேலைக்குப் போனேன். எனக்குப் பின்னால் படித்தவர்களும் போனார்கள், மிஞ்சியவர்கள் பைக் வாங்கினார்கள். பஸ் இப்போது கைகாட்டியோடு திரும்பிவிடுகிறது. அதை நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் காரில் ஊருக்குப் போனபோது, கைகாட்டி தாண்டிப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தனியாக நடந்துகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி, “ஏறிக்க சாமி, நானும் ஊருக்குத்தான் போறேன்” என்றேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“வேண்டாங்க. தெரியாதவங்க வண்டில ஏறுனேன்னு தெரிஞ்சா அம்மா படிப்ப நிறுத்திப்போடுமுங்க” என்று சொல்லிவிட்டு, சோளக்காட்டை ஒட்டி வேகவேகமாக நடந்தாள். என் வண்டி பின்னால் வந்தால் பயந்துவிடுவாளே என்று, அவள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள் என்று தோன்றும்வரை நான் அந்த இடத்திலேயே நின்றேன்.