தண்டபாணி படித்த பெட் ஸ்கேன்

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது பெருங்குணம். அக்குணத்தின் வாசலில் ஒரு நாளும் செருப்பைக் கழற்றாத ஒருவர் காசிமேட்டில் வாழ்கிறார்: விசைப்படகு உரிமையாளர் தண்டபாணி. புயல் எங்கே கரையேறும் என்பது முதல் பேரனுக்கு எந்த ஊசி ஆகாது என்பது வரை அவர் தீர்ப்பளிக்காத பொருள் இல்லை. எக்கோ கருவியின் திரையைப் பார்த்தே மீன்கூட்டம் இருக்கும் இடத்தைச் சொல்பவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரே வினையாயிற்று.

அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று உறுதியானதும், அது பரவியுள்ளதா என அறிய மருத்துவர் நர்மதா பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஊசி வழி ஏற்றும் மருந்து புற்றணுக்களைப் பற்றிக்கொண்டு படத்தில் ஒளிரும். மருத்துவரிடம் காட்டுமுன்பே தண்டபாணி படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கன்னங்களில் ஒளி; வயிற்றின் இருபுறமும் ஒளி; அடிவயிற்றில் உருண்டையாய் ஒளி.

"எக்கோவுல இப்டி வந்தா வலைய எறக்கிருவேன். ஒடம்பு பூரா பரவிக்கினு கீது, மங்கா. வைத்தியம்லாம் வோணாம்."

அன்றே படுக்கையில் விழுந்தார். மூலக்கொத்தளம் இடுகாட்டில் நிழலான இடமாகப் பார்த்துவைக்கும்படி மகன் வெற்றியை ஏவினார். வஞ்சிர வறுவலை மட்டும் துறக்கவில்லை.

மனைவி மங்கம்மாவுக்குப் பொறுமை தீர்ந்தது. "டாக்டரம்மா சொல்லட்டும், அப்பால சாவு. அதுவரிக்கும் கம்முனு கெட. எந்திரிய்யா!"

மருத்துவமனையில் நர்மதா படத்தைத் திரையில் காட்டினார். "கன்னத்துல இருக்கறது எச்சில் சுரப்பி. இது ரெண்டும் சிறுநீரகம், கீழ மூத்திரப்பை. இந்த மருந்த யாருக்குப் போட்டாலும் அங்கல்லாம் ஒளிரும்." பிறகு இடுப்போரம் கடுகளவு ஒளியைச் சுட்டினார். "பரவினது இந்த ஒரு நிணநீர்க் கணுவுக்குத்தான்."

"அந்தப் புள்ளியா? எக்கோவுல இத்த குப்பைன்னு தள்ளிருவோம்."

"தள்ளினா எலும்புக்குப் போயிரும். இப்பவே கதிர்வீச்சும் ஹார்மோன் ஊசியும் ஆரம்பிச்சா நல்லாக் கட்டுப்படுத்தலாம்."

"கேட்டியா?" என்றாள் மங்கம்மா. "இனிமே மீனப் பாரு. ஒன் ஒடம்ப அவங்க பாக்கட்டும்."

தண்டபாணி தலையாட்டிச் சிகிச்சைக்குச் சம்மதித்தார். அப்பணிவு வீடு வந்து சேரும்வரைகூடத் தாங்கவில்லை. இப்போது கதிர்வீச்சுக்குப் போய்வரும் இவர், அந்தக் கடுகளவுப் புள்ளியைத் தாமே கண்டதாக மீன் ஏலக்கூடத்தில் முழங்குகிறார். நண்பர் வால்டர் நீட்டிய முழங்கால் எக்ஸ்ரேயையும் வெயிலில் பிடித்து, ஈரலில் கோளாறு என்று தீர்ப்புரைத்தாயிற்று.

ஒற்றியூர் வடிவுடையாள் அவ்வீட்டார்க்கு நோயற்ற நெடுவாழ்வு நல்குக. தண்டபாணி பேசும் பொழுதெல்லாம் அவர்கள்தம் செவிகளையும் காத்தருள்க.