ஷட்டர் ஓரத்து இடைவெளி

நூர் பீவியின் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் மூன்றாவது தெருவில் இருந்தது. கணவர் இறந்தபின் காரை விற்றார். காலியான கார் ஷெட்டில் துணிக்கடை வைத்தார். மகன் மொஹ்சினுக்கு 2001 ஜூனில் திருமணம் நடந்தது. அந்த மாதம் முதல் மருமகள் மெஹ்னாஸ் கடையில் உட்கார்ந்தாள்.

இனி குணத்தைச் சொல்லலாம். நூர் பீவி யாரையும் நம்பியவரல்லர். பால் பாக்கெட்டை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்த பிறகே வாங்குவார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆளை நிறுத்திவைத்து எடை போடுவார்.

2004 அடைமழையில் ஷட்டர் ஓரமாகச் சாரல் புகுந்து, பெருநாளுக்கு வாங்கிய துணியில் இரண்டு கட்டு சாயம் கலந்து வீணாயின. இன்னொரு முறை அப்படி நேர்ந்தால் கடையை மூடவேண்டியதுதான். ஆகவே 2005 செப்டம்பரில், புதுச் சரக்கு இறங்கிய மறுநாள், தாம்பரத்திலிருந்து ஷட்டர் வேலை பார்க்கும் ஜெயவேலு வரவழைக்கப்பட்டார்.

வந்தவர் ரப்பர் பட்டையையும் சிமென்ட்டையும் வெளியிலேயே வைத்துவிட்டு, ஒரு சாக்பீஸோடு உள்ளே போனார்.

"பத்து நிமிசம் யாரும் வராதீங்கக்கா. ஷட்டரை இறக்கிக்கினு பாக்கணும்."

"என் கடைக்குள்ள நான் வரக்கூடாதா? அப்படி என்ன வேலை?"

"இருட்டு வேலைக்கா" என்று சிரித்தபடி ஷட்டரை இழுத்துவிட்டார்.

நூர் பீவிக்குப் பகீரென்றது. பட்டப்பகலில் கடையைச் சாத்திக்கொண்டு முன்பின் அறியாத ஆள். உள்ளே பிரிக்காத கட்டுகள். இன்னொன்றும் உறுத்தியது. இந்த ஆளைத் தேடிப் பிடித்தவள் மெஹ்னாஸ். அவளோ படியில் உட்கார்ந்து நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் கூட்டாக இருக்குமோ?

அதற்குமேல் கால் நிற்கவில்லை. ஷட்டரின் வலது ஓரத்துக்குப் போனார். அங்கே இரும்புச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காரை பெயர்ந்து, விரல் நுழையும் துளை ஒன்று இருந்தது. எக்க வேண்டியதில்லை, குனிய வேண்டியதில்லை. கண்ணை வைத்தால் போதும். வைத்தார்.

"யாருப்பா அது, வெளிச்சத்த மறைக்கிறது?" ஜெயவேலுவின் குரல் காதருகே கேட்டது.

திடுக்கிட்டு விலகினார். ஷட்டர் மேலேறியது. கட்டுகள் கயிறு அவிழாமல் அப்படியே இருந்தன. இருட்டில் வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் சாக்பீஸ் கோடு. வலது ஓரத்துத் துளையைச் சுற்றி மட்டும் பெரிய வட்டம்.

"மத்ததெல்லாம் தேய்மானம். மழை பூந்தது இது வழியாத்தான். தானா பேந்தது இல்லக்கா, யாரோ ஆணி வுட்டு நோண்டிகீறாங்க. திருட்டுப்பய எவனாவது நோட்டம் பாத்துகினு இருந்திருப்பான்."

"திருடன் இல்லண்ணா." மெஹ்னாஸ் கடலைத் தோலை ஊதினாள். "மத்தியானம் பாதி ஷட்டரை இறக்கிட்டுத் துணி மடிப்பேன். அந்த ஓட்டை வழியா வெளிச்சம் வரும், திடீர்னு அணைஞ்சிரும், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி வரும். கல்யாணம் ஆன மாசத்துலேர்ந்து இப்படித்தான். இல்ல மாமி?"

ஆணியைத் தேடி எடுத்த நாள் நூர் பீவிக்கு நன்றாக நினைவிருந்தது.

ஜெயவேலு துளையின் உயரத்தைப் பார்த்தார். நூர் பீவியின் உயரத்தைப் பார்த்தார். "இத்த அடைச்சிடட்டாக்கா, வுட்டுடட்டா?"

நூர் பீவி கட்டுகளைப் பார்த்தார். மெஹ்னாஸ் தலை நிமிராமல், உரித்த கடலையை அவர் பக்கம் நீட்டினாள்.

"முதல்ல அதை அடை" என்றார். குழைத்த சிமென்ட்டில் மணல் அதிகமோ என்று விரலால் தொட்டுப் பார்க்கவும் தவறவில்லை.

அந்தத் துளை இருந்தது நான்கு ஆண்டு, மூன்று மாதம்.