சுவரில் தொங்கிய கள்வன்

இன்று ரோவில் என்ற புறநகரில், மகன் கட்டப்போகும் வெள்ளைக்காரப் பெண்ணின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனோம்.

பெண்ணின் அப்பா, சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். அவருடைய மூதாதை ஒருவர் பதினாறு வயதில் இங்கிலாந்தில் போர்வை திருடி, கப்பலில் சிட்னிக்கு நாடு கடத்தப்பட்டவராம். இவர் ஐந்து வருடம் தேடி அந்தத் தாளைக் கண்டுபிடித்தாராம். முகமெல்லாம் பெருமை.

"கள்ளனையே சுவரில கொழுவி வைச்சிருக்கினமோ?" என்று என் கணவரின் காதுக்குள் கேட்டேன்.

அவர் கவனிக்கவில்லை. சம்பந்திக்குக் குறைந்துபோகக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, தன் பெரியப்பாவும் ஆடு களவெடுத்து மறியலுக்குப் போய்ச் சிறையில் கிடந்தவர் என்று ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார். சம்பந்தி எழுந்து கைகொடுத்தார்.

எங்கள் கல்யாணத்துக்கு முன் என் அப்பா ஆறு மாதம் விசாரித்த என் கணவரின் குடும்பம் இது!

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று காரில் கேட்டால், "நீர் ஒருநாளும் கேக்கேல்லையே" என்கிறார்.

இப்போது நான் சண்டை பிடிப்பதா, அந்தப் பெரியப்பாவின் படத்தைத் தேடி எங்கள் வீட்டிலும் மாட்டுவதா? சொல்லுங்கோ.