சுவரில் எழுதிய வண்டி எண்கள்

செம்மங்குப்பம் வளைவில் சிதம்பரம் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். ஒதுங்கி நிற்க இடமில்லாத சாலை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் டீக்கடையின் தகரக் கூரை அதிர்கிறது. கடைச் சுவர் முழுக்கக் கரியால் எழுதிய எண்கள்.

“என்னக்கா இது, போன் நம்பருங்களா?”

கடைக்கார அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொல்கிறார். “வண்டி நம்பரு. தலதெறிக்கப் போற வண்டிய எழுதி வச்சிடுவேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி, தோ அந்த எடத்துல, எங்க வூட்டுக்காரர அடிச்சிட்டு ஒரு லாரி நிக்காம போயிடுச்சு. அங்கயே உயிர் போயிடுச்சு. பத்து பேரு பாத்தாங்க. போலீசு கேட்டப்ப, பின்னாடி ‘கடவுள் துணை’ன்னு எழுதியிருந்துச்சுன்னாங்க. நம்பர ஒருத்தரும் பாக்கல. யாரு வண்டின்னே தெரியாம யாரு மேல கேஸ் போடுறதுன்னு வக்கீலு கைய விரிச்சிட்டாரு.”

“இத எழுதி என்னக்கா பிரயோசனம்?”

“இந்தச் சுவத்தப் பாத்துதான், அப்புறம் இங்க அடிபட்ட ரெண்டு பேரு குடும்பத்துக்கு நஷ்டஈடு கெடச்சிது. கடலூர் கோர்ட்டுல நான்தான் சாட்சி.”

அந்த நேரம் ஒரு லாரி என் சட்டை படபடக்க, உரசுவதுபோல் போகிறது. அக்கா ஒரே ஒரு முறைதான் நிமிர்ந்து பார்க்கிறார். கரியை எடுத்து அதன் எண்ணை எழுதிவிட்டு என்னிடம் திரும்புகிறார்.

“நீங்களும் பாத்தீங்களே, நம்பரு சரிதானே?”

கண் இமைக்காமல் அந்த லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ‘தாயின் ஆசி’ என்று எழுதியிருந்தது.