நொய் போடாத களி

பெங்களூர் மர்பி டவுன் மகாவிடம் முடியாது என்று சொல்லிப் பாருங்கள். அதைச் செய்து காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவளையே இந்த வருஷம் ஆட்டிப் பார்த்தது. தொம்மலூரில் அவள் சாப்பாட்டு வண்டி நிற்கும் தெருவில் இரண்டு கம்பெனிகள் ஆளைக் குறைத்தன. ஒன்று இழுத்து மூடியது. அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. வண்டியை விற்றுவிடலாம் என்றான் புருஷன் முனிகிருஷ்ணன்.

அப்போதுதான், ஹொஸகோட்டே பக்கமிருந்து அவளுக்குக் கீரை கொண்டுவரும் கிருஷ்ணப்பா புலம்பினார். "ராகி மூட்டை மூட்டையா கெடக்குதும்மா. தரகன் கேக்கற ரேட்டுக்கு உழவுக்கூலிகூட வராது. இந்த மழைக்கு விதைக்காம, நெலத்தை லாரி நிறுத்த விட்டுடலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாதீங்கண்ணா. ராகியை எனக்குப் போடுங்க. சோத்தை நிறுத்திட்டுக் களி போடறேன். கம்பெனிக்காரங்க போனா போறாங்க, ஆட்டோக்காரங்க இருக்காங்கல்ல?"

முதல் நாள் ஐம்பது உருண்டை. ஆட்டோ கணேசமூர்த்தி ஒரு வாய் போட்டதும் முகம் கோணியது. "ஏனம்மா இது? உள்ள அக்கி, அரிசி இருக்குது! ராகி முத்தெயை, இந்த உருண்டையை, யாராச்சும் மெல்லுவாங்களா? முழுங்கணும்மா!" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மகாவின் அம்மா வீடு குடியாத்தம். அங்கே நொய்யரிசி போடாமல் யார் களி கிண்டினார்கள்? முப்பது உருண்டை மீந்தது. அவமானத்தில் அழுகை முட்டியது அவளுக்கு.

"பேசாம சோத்துக்கே போயிடு," என்றான் முனிகிருஷ்ணன்.

"போய்யா! நொய் இல்லாம கிண்டணும், அவ்ளோதானே!"

அவ்வளவுதான் என்றால் ஊரே கிண்டிவிடுமே. ஒரு நாள் கட்டி தட்டியது, ஒரு நாள் கூழானது. தண்ணீரைக் கூட்டிக் குறைத்து, ஆவியில் கை கொப்பளிக்கக் கிண்டினாள். நாலு நாள் வீட்டில் மூன்று வேளையும் களிதான். முனிகிருஷ்ணன், பாவம், அத்தனையையும் தின்று தீர்த்தான்.

ஐந்தாம் நாள் கணேசமூர்த்தியைப் பிடித்து இழுக்காத குறையாக உட்காரவைத்தாள். அவர் ஒரு துண்டைக் கிள்ளி, கீரைச் சாற்றில் புரட்டி வாயில் போட்டார். மகா அவர் தொண்டையையே பார்த்தாள். பல்லில் படாமல் இறங்கிவிட்டது. தட்டை நீட்டினார். "இன்னொண்ணு வைம்மா."

மழைக்காலத்துக்குள் நூறு உருண்டையும் போதவில்லை. வானம் கறுத்த ஒரு காலையில் கிருஷ்ணப்பா அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நிலத்துக்கு லாரிக்காரன் முன்பணத்தோடு காத்திருக்கிறானாம்.

"அவனை அனுப்பிட்டு ஏரைப் பூட்டுங்கண்ணா," என்றாள் மகா.

"எதை விதைக்கறது? விதைக்கு வெச்சிருந்ததையும் போன வாரம் உனக்கே போட்டுட்டேனேம்மா!"

மகா உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே ராகி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்க போட்டதுதான், இன்னும் அரைக்க மில்லுக்குப் போகல. எடுத்துட்டுப் போங்க. நாளைக்குக் களி இல்லேன்னு நான் சொல்லிக்கறேன். மொதல்ல நீங்க விதைங்க."